பழைய வீட்டைப் பழைய சாமான்களாலேயே சீரமைப்பது: எங்கே தொடங்க வேண்டும், எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வி இது: நூறு ஆண்டைத் தாண்டிய, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்த்துக் கட்டிய வீடு. தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை பூச்சு உதிர்கிறது. முன்பு இருந்தவர்கள் அங்கே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சில சன்னல்களின் அடிப்பாகம் மக்கிவிட்டது. இடிக்கிற வீடுகளிலிருந்து கதவு, நிலை, செங்கல், உத்திரம், பூத்தரை ஓடு எல்லாம் வாங்கிப் போட்டு, பழைய தோற்றம் கெடாமல் புதுப்பிக்க முடியுமா? எந்த வரிசையில் செய்வது?

முடியும். ஆனால் சாமான் வாங்க இப்போதே கிளம்ப வேண்டாம். பழைய வீடுகள் கெடுவது வயதால் அல்ல, தண்ணீரால். அதற்கு அடுத்த காரணம், தண்ணீருக்கு வைத்தியம் என்று நினைத்துச் செய்த தவறான ரிப்பேர். எனவே முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிறகு மரம், செங்கல் பக்கம் போகலாம். வேலை முழுக்க ஒரே அளவுகோல்தான்: புதிதாகச் சேர்க்கிற எதுவும், அது ஒட்டி நிற்கிற பழையதைவிடச் சற்று மென்மையாகவும், பிறகு ஒருநாள் கழற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். சாந்து செங்கல்லைவிட வலுவாக இருந்தால், விரிசல் விடும்போது உடைவது செங்கல். சாந்து மென்மையாக இருந்தால் உடைவது சாந்து. அதை மறுபடி அடைத்துக்கொள்ளலாம்.

ஈரம்

சுவருக்கு வெளியே மண்ணின் மட்டத்தைப் பாருங்கள். உள்தரையைவிட வெளிமண் குறைந்தது 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும். பல ஆண்டுகளாகச் சாலை உயர்ந்தும், தோட்ட மண் கொட்டியும், முற்றத்துக்குக் கான்கிரீட் போட்டும் இந்த இடைவெளி காணாமல் போயிருக்கும். பாதிப் பழைய வீடுகளுக்கு மருந்து வெறும் மண்வெட்டிதான்: சுவரை ஒட்டி மண்ணை இறக்கி, சரிவை வெளிப்பக்கமாகத் திருப்பிவிடுவது. ஒரே தடவையில் அஸ்திவாரத்தின் அடிவரை தோண்டிவிடாதீர்கள். பழைய அஸ்திவாரங்கள் ஆழம் குறைந்தவை. பக்கத்து மண்ணே அவற்றைப் பிடித்து நிறுத்துகிறது.

அடுத்து கூரைத் தண்ணீர் விழும் இடம், உடைந்த மழைநீர்க் குழாய், சுவருக்குள் ஓடும் குடிநீர்க் குழாய். மழை கொட்டும்போது குடையோடு வெளியே நின்று பார்ப்பதைவிட நல்ல பரிசோதனை கிடையாது. ஈரமானி என்ற கருவியைக் குத்திப் பார்த்து யாராவது 'சுவர் முழுக்க ஈரம்' என்றால் உடனே நம்பாதீர்கள். அது அளப்பது மின்கடத்தலை. காய்ந்த சுவரிலும் உப்பு இருந்தால் எண் ஏறிக் காட்டும்.

இப்போது அந்தச் சிமெண்ட் பூச்சு. போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824-இல். அது வீடுகளில் பரவலானது அதற்கும் வெகுகாலம் கழித்து. அதற்கு முன் கட்டிய சுவர்களுக்குத் தண்ணீரைத் தடுக்கும் வேலையே இல்லை. மழையில் கொஞ்சம் உறிஞ்சும், வெயிலில் விட்டுவிடும். ஈரம் வெளியேறும் முக்கிய வழி சுண்ணாம்பு மூட்டுகளும் சுண்ணாம்புப் பூச்சும்தான். அதன்மேல் சிமெண்ட் பூசினால் கீழிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே மேலே தேடிப் போகிறது. முழங்கால் உயரத்தில் நின்ற ஈரம் இடுப்பு உயரத்துக்கு வருவது இப்படித்தான். அதோடு தண்ணீரில் கரைந்திருந்த உப்பு, பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவே படிகமாகிறது. படிகம் வளரும்போது செங்கல்லின் முகத்தை உள்ளிருந்தே தள்ளி உடைக்கிறது. பூச்சைப் பெயர்த்தால் செங்கல் தூளாகக் கொட்டுவது இதனால்.

பழைய சாந்து சுண்ணாம்பா சிமெண்டா என்று தெரிந்துகொள்ள அமிலம் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். இரண்டுமே நுரைக்கும், எனவே அது உதவாது. பேனாக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்து வெண்மையாகவோ மஞ்சளாகவோ இருக்கும், நகத்துக்குக்கூட உதிரும், இடையிடையே கரையாத வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரியும். சிமெண்ட் சாம்பல் நிறம், கத்தி வழுக்கும். அமிலத்துக்கு வேறொரு பயன் உண்டு. ஒரு துண்டுச் சுண்ணாம்புச் சாந்தை நீர்த்த அமிலத்தில் கரைத்தால் அடியில் பழைய மணல் தங்கும். அதைக் கழுவிக் காயவைத்து, நிறமும் பருமனும் பார்த்து, அதற்கு ஒத்த புது மணலைத் தேடலாம். ஒட்டுப்போட்டது தெரியாமல் இருப்பதற்குச் சுண்ணாம்பைவிட மணல்தான் முக்கியம்.

சிமெண்டைப் பெயர்க்கும்போது சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடத்தில் தொடங்கி, அகலமான உளியைச் சுவருக்குச் சாய்வாக வைத்துத் தட்டினால் பலகை பலகையாக வரும். மின்சார உடைப்பான் வேண்டாம். ஏதாவது ஓரிடத்தில் செங்கல்லின் முகத்தோடு சேர்ந்து வருகிறது என்றால் அங்கே நிறுத்திவிடுங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் கொஞ்சம் சிமெண்ட் இருந்துவிட்டுப் போகட்டும்; முகம் போன செங்கல்லுக்கு மாற்று கிடையாது.

பெயர்த்த பிறகு சுவரைச் சும்மா விட வேண்டும். இதுதான் யாருக்கும் பொறுமை இல்லாத கட்டம். தோராயக் கணக்கு, மாதத்துக்கு 25 மி.மீ. கனம் காயும். அந்தக் கணக்கில் 230 மி.மீ. சுவருக்கு ஒன்பது மாதம், 450 மி.மீ. சுவருக்கு ஒன்றரை ஆண்டு. காற்றோட்டம் நன்றாக இருந்தால் குறையும். அதுவரை வெளியே பூக்கிற உப்பைக் காய்ந்த தூரிகையால் தள்ளி, முறத்தில் பிடித்து அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளேயே திரும்பப் போய்விடும். காத்திருக்க முடியாதவர்கள் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைப் பூசி, உப்பை அதற்குள் இழுக்கவிட்டு, பிறகு பெயர்த்து எறியலாம். அது தற்காலிகப் பூச்சு என்று பூசும்போதே தெரிந்து பூச வேண்டும்.

சுண்ணாம்பும் மணலும்

சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும். கலவை கொதிநிலையைத் தொடும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், பிளாஸ்டிக் வாளி ஆகாது. 1 கிலோ நல்ல சுட்ட சுண்ணாம்பு ஏறத்தாழ 2 லிட்டர் விழுதாகும். சல்லடையில் வடிகட்டி, மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். 3 வாரம் குறைந்தபட்சம், 3 மாதம் என்றால் நல்லது. சரியாக நீறாத துகள் பூச்சுக்குள் போய்விட்டால், மாதங்கள் கழித்து அது நீறி உப்பி, சின்னச் சின்னக் குழிகளாகப் பூச்சைத் தெறிக்க வைக்கும். ஊறவைப்பது அதைத் தவிர்க்கத்தான்.

பையில் வரும் நீற்றிய சுண்ணாம்புத் தூளும் பயன்படும். ஆனால் பை புதிதாக இருக்க வேண்டும். ஒரு கரண்டித் தூளில் வினிகர் விட்டுப் பாருங்கள்: பொங்கி நுரைத்தால் அது காற்றைக் குடித்து ஏற்கெனவே சுண்ணக்கல்லாகிவிட்டது, பிடிப்பு இருக்காது. நல்ல தூளைத் தண்ணீரில் கொட்டி ஒரு நாளாவது விழுதாக ஊறவைத்த பிறகே மணலோடு சேருங்கள்.

கலவை விகிதம் 1:3 என்று எல்லோரும் சொல்வார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மணலுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். நன்றாகக் காய்ந்த மணல் 1 லிட்டரை ஒரு பாத்திரத்தில் தட்டி நிரப்பி, மேல்மட்டம் பளபளக்கும்வரை தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். உள்ளே போன தண்ணீர்தான் மணல்மணிகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம். சுமார் 330 மில்லி போனால் 1:3. 400 மில்லி போனால் 1:2.5 வேண்டும். ஒரே அளவு மணிகள் உள்ள மணலில் வெற்றிடம் அதிகம், சுண்ணாம்பும் அதிகம் குடிக்கும், காயும்போது அதிகம் சுருங்கி வெடிக்கும். சிறிதும் பெரிதும் கலந்த, கூரான மணல்தான் நல்லது. வழவழப்பான உருண்டை மணலும், கழுவாத கடல் மணலும் வேண்டாம்.

சுண்ணாம்பு வெற்றிடத்தை மட்டும் நிரப்புவதால், கலவையின் மொத்தக் கன அளவு ஏறக்குறைய மணலின் கன அளவேதான். 10 சதுர மீட்டர் சுவருக்கு 20 மி.மீ. பூச்சு என்றால் 200 லிட்டர் கலவை: 200 லிட்டர் மணல், 67 லிட்டர் விழுது. பழைய சுவர் மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் 15 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கலக்கும்போது தண்ணீர் சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். விழுதில் உள்ள ஈரமே போதும். இடிக்க இடிக்க, மிதிக்க மிதிக்க அது இளகி வரும். சேர்க்கும் ஒவ்வொரு குவளைத் தண்ணீரும் பின்னால் விரிசலாக வரும். சுண்ணாம்பும் மணலும் மட்டும் சேர்ந்த கலவையைக் காற்றுப் புகாமல் மூடிவைத்தால் வாரக்கணக்கில் கெடாது, இன்னும் நன்றாகவே ஆகும். ஈரமான இடங்களுக்குச் செங்கல் தூள், அதாவது சுர்க்கி சேர்க்கலாம். குறைந்த சூட்டில் வெந்த செங்கல்லின் மாவு போன்ற தூள்தான் சுண்ணாம்போடு வினைபுரிந்து இறுகும். அதிகம் வெந்த கறுத்த செங்கல்லின் தூள் வெறும் மணல்தான். சுர்க்கி சேர்த்த கலவையை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

'பிடிப்புக்குக் கொஞ்சம் சிமெண்ட்' என்று கொத்தனார் ஒரு கரண்டி போடுவார். அதை மறுத்துவிடுங்கள். அந்தக் கொஞ்சம் சிமெண்ட் சீக்கிரம் இறுகிச் சுண்ணாம்பு காற்றைக் குடிப்பதைக் கெடுக்கும்; தானும் தனியாக வலுவாக நிற்கும் அளவுக்கு இருக்காது. சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் இயற்கை நீரியல் சுண்ணாம்பு என்று தனி வகையே உண்டு. ஐரோப்பியத் தரத்தில் 2, 3.5, 5 என்று வலு கூடும். மென்மையான பழைய செங்கல்லுக்கு 2 அல்லது 3.5 போதும். 5 என்பது கல் சுவருக்கும் கூரை முகட்டுக்கும்.

பூசும் முந்தைய நாள் மாலையும் அன்று காலையும் சுவரை நனையுங்கள். தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், தண்ணீர் மினுங்கக்கூடாது. முதல் பூச்சு 10 மி.மீ., கரணையால் வீசி அடிப்பது. தடவுவதைவிட வீசுவது ஆழமாகப் பிடிக்கும். சற்று இறுகியதும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். கட்டைவிரல் நகம் பதியாத அளவு கெட்டியாக ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். பிறகு 8 முதல் 10 மி.மீ. இரண்டாம் பூச்சு. இதை மணியாஸ் கட்டையால், அதாவது பூச்சைச் சமப்படுத்தும் மரப்பலகையால், ஒருமுறை தேய்த்துவிட்டுப் போய்விடக்கூடாது. முதல் சில மணி நேரத்தில் சுருக்க விரிசல் தெரியும். இரண்டு மூன்று முறை திரும்ப வந்து அழுத்தித் தேய்த்து மூட வேண்டும். கடைசிப் பூச்சு, சன்ன மணலோடு 1:1 முதல் 1:2 வரை கலந்து, 3 மி.மீ. கனத்தில். அதை எஃகுக் கரணையால் கண்ணாடி போல மெருகேற்றினால் மேற்பரப்பு அடைத்துக்கொள்ளும். அடிப்பூச்சு காற்றைக் குடிக்க முடியாது.

சுண்ணாம்பு 'காய்வதால்' இறுகுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளிழுத்து இறுகுகிறது, அதற்கு ஈரம் வேண்டும். வெயிலிலும் காற்றிலும் ஒரே நாளில் காய்ந்துபோன பூச்சு விரலால் தேய்த்தால் மணலாக உதிரும். அதைக் காப்பாற்ற வழியில்லை, பெயர்த்துத்தான் ஆக வேண்டும். குறைந்தது 7 நாள் ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். பனித்தூறல் போலத் தண்ணீர் தெளியுங்கள், பீய்ச்சி அடிக்காதீர்கள். 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் பருவத்தில் இந்த வேலையையே தொடக்கூடாது.

செங்கல் மூட்டுகளைத் திரும்ப அடைப்பதற்கும் இதே கலவைதான், மணல் மட்டும் மூட்டின் அகலத்துக்கு ஏற்ப. மூட்டு அகலத்தின் இருமடங்கு, குறைந்தது 20 மி.மீ. ஆழம் வரை பழையதைச் சுரண்டி எடுங்கள். பின்பக்கம் சதுரமாக இருக்க வேண்டும்; குழிவாக விட்டால் புதுச்சாந்து பிடிக்காது. வட்டத் தகடு சுழலும் இயந்திரம் மூட்டைவிட அகலமாக வெட்டிச் செங்கல் விளிம்பைத் தின்றுவிடும். அடைத்த சாந்து செங்கல்லின் முகத்தில் ஏறக்கூடாது. பாதி இறுகியதும் விறைப்பான தூரிகையால் குத்தித் தட்டி மேல்தோலை எடுத்துவிட்டால் மணல் தெரியும். பழைய மூட்டோடு நிறம் சேர்ந்துவிடும்.

பழைய செங்கல் வாங்கும்போது

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரிலிருந்து வந்த செங்கல் மட்டுமே வாங்கத் தகுந்தது. அதில் சாந்து இரண்டு தட்டில் விழும். சிமெண்டில் கட்டியதை உடைத்தால் செங்கல்தான் முதலில் உடையும். உடையாமல் வந்தாலும் ஒட்டியதைச் சுரண்டவே செங்கல்லின் விலையைவிடக் கூலி கூடும்.

அளவு நாடா இல்லாமல் போகாதீர்கள். பழைய செங்கல்லுக்கு ஒரே அளவு இல்லை. உங்கள் சுவரில் நான்கு வரிசைச் செங்கல்லும் நான்கு மூட்டும் சேர்ந்து எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஒரு செங்கல்லின் உயரத்தை மட்டும் அளப்பதைவிட அது நம்பகமானது. இரண்டு செங்கல்லை மோதினால் மணி போல ஒலிக்க வேண்டும். மொத்தென்று ஒலித்தால், நகம் கீறினால், அது வேகாத செங்கல். அப்படிப்பட்டவற்றை அந்தக் காலத்துக் கொத்தனார்கள் தெரிந்தேதான் உள்சுவர்களில் வைத்தார்கள். இடிக்கும்போது உள்சுவரும் வெளிச்சுவரும் ஒரே குவியலாகிவிடுகிறது. வாங்குகிறவர் அதை மழை படும் சுவரில் வைக்கிறார், சில பருவங்களில் முகம் உதிர்கிறது. சந்தேகம் இருந்தால் காய்ந்த செங்கல்லை எடைபோட்டு, 24 மணி நேரம் நீரில் போட்டு, திரும்ப எடைபோடுங்கள். எடை 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் அதை உள்ளே மட்டும் பயன்படுத்துங்கள்.

கரிபிடித்த, புகைபோக்கியிலிருந்து வந்த செங்கல்லை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். எத்தனை பூச்சு பூசினாலும் பழுப்புக் கறை வெளியே வரும், கூடவே சல்பேட் உப்பும். அமிலத்தில் ஊறவைத்துச் சுத்தம் செய்ததும் அப்படியே. குளோரைடு உப்பு உள்ளே தங்கிவிடுகிறது. தேவைக்கு மேல் 15 சதவீதம் வாங்குங்கள்.

மரம்

பழைய மரத்தின் அருமை வைரம், அதாவது மரத்தின் நடுவிலுள்ள கெட்டியான பகுதி. மெதுவாக வளர்ந்த பெரிய மரங்களின் வைரப்பகுதியில் இழைத்த சட்டம் இன்று புதிதாகக் கிடைப்பது அரிது. அதனால்தான், உங்கள் சன்னல்களைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு வீட்டுச் சன்னலை வாங்கி வைப்பது அறிவீனம். அடியில் ஒரு சாண் மக்கியிருக்கிறது என்றால் அந்த ஒரு சாணை மட்டும் மாற்றலாம்.

குத்தூசியால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் 2, 3 மி.மீ.க்கு மேல் இறங்காது, பிடுங்கும்போது இழை நீளமாகச் சிலும்பும். மக்கியதில் பொசுக்கென்று இறங்கும், சிலும்பு குறுகலாக ஒடியும். உளுத்த துளைகள் இருந்தால் பதறாதீர்கள். துளையின் விளிம்பு மங்கிக் கறுத்திருந்தால் பூச்சி எப்போதோ போய்விட்டது. விளிம்பு வெளுப்பாக, கீழே புது மாவு கொட்டியிருந்தால் உயிரோடு இருக்கிறது. மாவைத் துடைத்துவிட்டு, கறுப்புத்தாள் விரித்துச் சில வாரம் பாருங்கள். பெரும்பாலும் வெளிறு, அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள மென்மையான பகுதி மட்டும்தான் உளுத்திருக்கும். அதைச் செதுக்கித் தள்ளினால் உள்ளே வைரம் முழுசாக நிற்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மக்கவைக்கும் பூஞ்சை வளராது.

மேலே கைவைக்கும் முன் பெயிண்ட். பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978-இல். பல நாடுகளில் அதற்கும் பின்னால்தான். காய்ந்த பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் படியும், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். நனைத்து நனைத்துச் சுரண்டுங்கள். சூடான காற்றுத் துப்பாக்கியை 500 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வையுங்கள். தீச்சுடர் கூடவே கூடாது, ஈயம் ஆவியாகும். கழிவைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், வேலை உடையை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள். காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்கிப் பெயிண்ட் எடுத்த கதவுகளை வாங்க வேண்டாம். மூட்டுப் பசை கரைந்திருக்கும், இழைகள் பஞ்சாகியிருக்கும், உள்ளே தங்கிய காரம் புதுப் பெயிண்டைத் தள்ளிவிடும்.

ஒட்டுப்போடும் முறை: மக்கல் முடியும் இடத்திலிருந்து நல்ல மரத்துக்குள் இன்னும் 50 மி.மீ. தள்ளி வெட்டுங்கள். வெட்டு சாய்வாக, கனத்தைப் போல 6 முதல் 8 மடங்கு நீளம். 40 மி.மீ. கனச் சட்டத்துக்கு 240 முதல் 320 மி.மீ. வரை. சாய்வு வெளிப்பக்கம் நோக்கி இறங்க வேண்டும். மாறிவிட்டால் ஒட்டே தண்ணீரை உள்ளே ஊற்றும் வாய்க்கால். ஒட்டுத்துண்டு அதே மரம், வைரம் மட்டும், இழை ஓட்டம் ஒரே திசை, ஈரப்பதம் 2, 3 சதவீதத்துக்குள் ஒத்திருக்க வேண்டும். இந்தத் துண்டுகளுக்குத்தான் பழைய மரக்கடை உண்மையில் பயன்படுகிறது: உடைந்த கதவு ஒன்றை வாங்கி வைத்தால் பல சன்னலுக்கு ஒட்டு கிடைக்கும். தேக்கு போன்ற எண்ணெய்ப் பசை உள்ள மரமானால் ஒட்டும் முகங்களை அசிட்டோனால் துடைத்த கையோடு பசை தடவுங்கள். தாமதித்தால் எண்ணெய் திரும்ப மேலே வரும். எபாக்ஸி ஒட்டுப்பசை மெல்லிய இடைவெளியையும் நிரப்பும். ஆனால் மக்கிய மரத்தின்மேல் எபாக்ஸியை ஊற்றி நிரப்புவது வேறு விஷயம். பின்னால் தண்ணீர் சிறைப்பட்டு, சுற்றியுள்ள நல்ல மரமும் மக்கும்.

சன்னலின் அடிச்சட்டத்துக்குக் கீழே சொட்டுப் பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். விளிம்பிலிருந்து 15 முதல் 20 மி.மீ. உள்ளே, 8 மி.மீ. அகலத்தில் ஓடும் சின்னக் கால்வாய் அது. பெயிண்ட் பூசிப் பூசி அடைபட்டிருக்கும். அடைபட்டால் மழைத்தண்ணீர் சட்டத்தின் அடியில் தவழ்ந்து சுவருக்குள் போகும். சன்னல் மக்கியதற்கான காரணம் பெரும்பாலும் இந்தப் பென்சில் கனக் கோடுதான்.

கண்ணாடி பதிக்கும் பட்டிக்கு, சாக்பீஸ் மாவு 1 கிலோவுக்கு ஆளிவிதை எண்ணெய் 180 முதல் 200 கிராம், கையில் ஒட்டாத பதம்வரை பிசையுங்கள். பள்ளத்துக்கு முதலில் பிரைமர் அடிக்காவிட்டால் காய்ந்த மரம் எண்ணெயைக் குடித்துவிட்டுப் பட்டியை வெடிக்கவிடும். ஒன்றிரண்டு வாரத்தில் மேல்தோல் பிடித்ததும் பெயிண்ட், கண்ணாடிமேல் 2 மி.மீ. ஏறும்படி. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்; விரித்துக் காயவைக்கவும் அல்லது தண்ணீரில் போடவும்.

வாங்குகிற கதவு என்றால் நிலையோடு சேர்த்து வாங்குங்கள். தனிக் கதவு எந்த நிலைக்கும் சரியாகப் பொருந்தியதில்லை. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள், 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூட்டு தளர்ந்திருக்கிறது. மேலும் கீழும் ஒவ்வொரு நேர்க்கோலை வைத்து ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணால் பார்த்தால் முறுக்கு தெரியும். தளர்ந்த மூட்டைச் சரிசெய்யலாம், முறுக்கிய கதவைச் சரிசெய்ய முடியாது. பக்கச்சட்டத்தில் இருபுறமும் சேர்த்து 10 மி.மீ.க்கு மேல் இழைக்க வேண்டிவந்தால் அந்தக் கதவு உங்களுடையது அல்ல. உயரத்தைக் கீழ்ச்சட்டத்தில் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்கலாம். சுவரில் புது வாசல் திறப்பதாக இருந்தால் மட்டும் கதவை முதலில் வாங்கி, அதன் அளவுக்கு வாசலைத் திறங்கள்.

மூட்டைப் பிரிக்க, மர ஆணியைத் துளையிட்டு எடுத்து, பசையைச் சுடுநீரால் இளக்குங்கள். பழைய பசை பெரும்பாலும் விலங்குப் பசை, இளகிவிடும். திரும்பச் சேர்க்கும்போது நாக்கில், அதாவது மறு சட்டத்துக்குள் நுழையும் முனையில் உள்ள துளையை, நாக்கு தொடங்கும் தோள் பக்கமாக 1.5 மி.மீ. தள்ளிப் போட்டால், மர ஆணி இறங்கும்போதே மூட்டை இழுத்து இறுக்கிவிடும்.

உத்திரம் விஷயத்தில் ஒரு கணக்கு மனதில் இருக்க வேண்டும். வலு, உயரத்தின் இருமடியைப் பொறுத்தது. வளையாமல் நிற்கும் திறன் மும்மடியைப் பொறுத்தது. 150 மி.மீ. உயர உத்திரத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று இழைத்து 125 ஆக்கினால் வலுவில் 31 சதவீதமும் விறைப்பில் 42 சதவீதமும் போய்விடும். பழைய துளைகள் நடுப்பகுதியில் கீழ்முகத்தில் இருந்தால் அதை எடை தாங்க வைக்காதீர்கள். உலோகம் கண்டறியும் கருவியால் ஆணிகளைத் தேடி எடுத்த பிறகே அறுவைக்கு அனுப்புங்கள். சுவருக்குள் போகும் முனை 100 மி.மீ.யாவது உட்கார வேண்டும். பக்கத்திலும் பின்னாலும் விரல் அளவு காற்றிடம் விட வேண்டும், சாந்து அடைக்கக்கூடாது. உத்திரம் இற்றுப்போவது பெரும்பாலும் அந்த முனையில்தான். மாடித் தளம், கூரை தாங்கும் எதையும் கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் மாற்ற வேண்டாம். 5 மி.மீ.யைத் தாண்டிய சுவர் விரிசலுக்கும் அதே பேச்சுதான்.

பச்சைச் சாயல் உள்ள, மருந்தேற்றிய மரத்தில் ஆர்சனிக் இருக்கலாம். தார் நாற்றம் வீசும் தண்டவாளக் கட்டையும் வீட்டுக்குள் வரக்கூடாது. பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தகடுகளை விலையில்லாமல் கொடுத்தாலும் தொடாதீர்கள், உடைக்காதீர்கள்.

தரை ஓடும் கூரை ஓடும்

பூப்போட்ட சிமெண்ட் ஓட்டில் வண்ண அடுக்கு மேலே சில மி.மீ. மட்டும்தான். ஆழமாகத் தேய்ந்ததை மெருகேற்றினால் பூவே போய்விடும். அமிலக் கழுவி ஒரு சொட்டும் ஆகாது. பல அறைகளிலிருந்து வந்தவற்றின் கனம் ஒன்றாக இருக்காது. வாங்கியதும் கனவாரியாக அடுக்கி, கனமானவற்றை ஒரு அறைக்கும் மெல்லியவற்றை இன்னொன்றுக்கும் ஒதுக்குங்கள். ஒட்டுப்பசையில் பதிக்காமல் கெட்டியான சாந்துப் படுக்கையில் பதித்தால் வித்தியாசத்தைச் சரிக்கட்டலாம். முதலில் சாந்து இல்லாமலே தரையில் முழுவதையும் பரப்பிப் பாருங்கள். உடைந்ததையும் நிறம் மங்கியதையும் சுவரோரம் தள்ளுங்கள்.

கூரை ஓட்டில் வார்ப்பச்சு ஒத்துப்போக வேண்டும். பார்வைக்கு ஒன்றாக இருக்கும் இரு தொழிற்சாலை ஓடுகள் ஒன்றோடொன்று கவ்வாது. உங்கள் ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். பழசும் புதுசும் கலக்க வேண்டியிருந்தால், ஒரு சரிவு முழுக்கப் பழசு, மறு சரிவு முழுக்கப் புதுசு.

வரிசை

எதையும் கழற்றும் முன் படம் எடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் எண் கொடுத்து, மறையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். பிறகு கூரை ஒழுக்கு, வெளிமண், குழாய்கள். அடுத்து உத்திரம், விரிசல். பிறகு சிமெண்டைப் பெயர்த்துச் சுவரைக் காயவிடுவது. அது காயும் மாதங்கள்தான் சன்னல் கதவு வேலைக்கும், சாமான் தேடி அலைவதற்கும் உரிய காலம். மின்கம்பியும் குடிநீர்க் குழாயும் பூச்சுக்கு முன்னால். தரை, பூச்சுக்குப் பின்னால். எல்லாவற்றுக்கும் கடைசியில் வெள்ளையடிப்பு.

அந்த வெள்ளையடிப்பில் பிளாஸ்டிக் எமல்ஷன் வந்துவிட்டால் ஈரம் மறுபடி அடைபடும், இதுவரை செய்தது வீண். சுண்ணாம்பு நீரை ஆடை நீக்கிய பால் பதத்தில் கரைத்து, சுவரை நனைத்து, 4 அல்லது 5 மெல்லிய கோட் அடியுங்கள். கோட்டுக்குக் கோட் ஒரு நாள் இடைவெளி. கெட்டியாக அடித்தால் உரிந்து வரும். அடிக்கும்போது கண்ணாடி போல ஒன்றும் தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும். நிறம் வேண்டுமானால் காரம் தாங்கும் காவி, மஞ்சள் மண் போன்ற இரும்பு ஆக்சைடு நிறமிகள் மட்டும். காய்ந்தால் ஈரத்தில் தெரிந்ததைவிட மிகவும் வெளிறிப்போகும் என்பதால், ஒரு செங்கல்மேல் அடித்து இரண்டு நாள் காயவிட்டுப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். ஒரு சுவருக்குத் தேவையான நிறத்தை ஒரே தொட்டியில் கரைத்துவிடுங்கள். இரண்டாம் தொட்டியின் நிறம் முதல் தொட்டியோடு சேராது.